அவளே எடுத்த அளவு

மணப்பாறை முறுக்குக்கு அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: தண்ணீர். லேசாக உப்புக்கரிக்கும் இந்த ஊர்த் தண்ணீரை விட்டு மாவு பிசைந்தால்தான் அந்தச் சுவையும் மொறுமொறுப்பும் வரும், அதே மாவை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ப் பிழிந்தால் வராது என்பார்கள். 2023-ல் மணப்பாறை முறுக்கு புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. அந்தப் பெருமையில் தண்ணீருக்கும் ஒரு பங்கு கொடுத்து வைத்திருக்கிறது ஊர்.

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், உண்மை என்று எப்படித் தெரிந்தது? வீட்டில் அம்மா முறுக்குச் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவி, மணப்பாறையில் பெண்கள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுந்து நின்று இப்படிக் கேட்டால் வகுப்பில் என்ன நடக்கும்? "அது சிலபஸ்ல இல்லம்மா, உட்காரு" என்ற பதில் வரலாம். "நல்ல கேள்வி, செஞ்சு பாத்துடலாமா?" என்ற பதிலும் வரலாம். பெண்கள் பள்ளிகளில் அறிவியல் கல்வி எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள், தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன்னால், இந்த இரண்டு பதில்களில் எது அங்கே வழக்கம் என்று கேட்க வேண்டும்.

கேள்வி சோதனையாகும் வழி

அந்த வகுப்பின் ஆசிரியை இரண்டாவது பதிலைச் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?

முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அரிசி மாவு ஒரே மூட்டையிலிருந்து வர வேண்டும். எண்ணெயும் அடுப்பின் சூடும் பொரிக்கும் நேரமும் பிழியும் கையும் மாறக் கூடாது. மாறுவது தண்ணீர் மட்டும்: ஒரு பங்கு மாவு ஊர்க் கிணற்றுத் தண்ணீரில், இன்னொரு பங்கு காவிரித் தண்ணீரில். இப்படிச் செய்யாமல் மணப்பாறையில் ஒருவர் சுட்டதையும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில் இன்னொருவர் சுட்டதையும் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் தண்ணீரால் வந்ததா, கைப்பக்குவத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது விதி, சுவைத்துப் பார்ப்பவருக்கு எது எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் நாக்குக்கு முன்னால் மனம் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு மாணவிக்கும் மூன்று முறுக்குகள் கொடுக்க வேண்டும். அவற்றில் இரண்டு ஒரே வகை, ஒன்று மட்டும் வேறு. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். உணவுத் துறையில் இதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். எதுவும் தெரியாமல் கைபோன போக்கில் காட்டினாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக அமைந்துவிடும். எனவே வகுப்பிலுள்ள 30 பேரில் 10 பேர் சரியாகச் சொன்னால் அதில் செய்தி ஏதுமில்லை. 12 பேர் சொன்னாலும் அவசரப்படக் கூடாது. 20 பேர் சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டாம்போக்காக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. அப்போது, தண்ணீருக்கு இதில் ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்லலாம். கணக்குப் பாடத்தில் படித்த நிகழ்தகவு எதற்கு உதவும் என்பது இந்தத் தட்டின் முன்னால் ஒரே நாளில் விளங்கிவிடும்.

மூன்றாவது, தண்ணீரில் உள்ள எது அந்த வேலையைச் செய்கிறது என்ற கேள்வி. காவிரித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிப் பிசைந்தால் அதே ருசி வந்துவிடுகிறதா? வந்தால் கதை உப்போடு முடிந்தது. வராவிட்டால் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் பக்கம் பார்க்க வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மை என்று பாடநூல் சொல்வது இவற்றைத்தான். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எத்தனை சொட்டில் நுரை கலையாமல் நிற்கிறது என்று எண்ணினால், எந்தத் தண்ணீர் கடினமானது என்று ஒப்பிட்டுவிடலாம். இன்னும் துல்லியமாக அளந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம் என்பது அதன் வரையறை. தன் வீட்டுக் குடத்துத் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்தால், அது அவள் வீட்டுக்கும் பயன்படும் அறிவு.

அந்த உப்புகள் தண்ணீருக்குள் எப்படி வந்தன என்று கேட்டால் கேள்வி நிலத்துக்குள் இறங்குகிறது. மணப்பாறை வட்டாரம் கடினப் பாறை நிலம். மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. தங்கும் காலம் நீள நீள, பாறையிலிருந்து கரைத்துக்கொள்வதும் கூடுகிறது. இந்தப் பாறையின் கடினத்தை இந்த ஊர் மறக்க முடியாது. 2019 அக்டோபர் 25 அன்று நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாமல் கிடந்த ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இணையாகக் குழி தோண்டப் பெரிய இயந்திரங்கள் வந்தன. பாறை அவற்றைத் தடுத்தது. 29-ம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் மீட்க முடிந்தது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண்ணாலும் மணலாலும் கல்லாலும் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டியிருந்தது. அந்த விதி ஏன், பாறை ஏன் அப்படி, திறந்து கிடக்கும் குழாயைப் பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்வதும் அறிவியல் கல்விதான். ராக்கெட்டைப் பற்றிப் பேசுமுன் தன் தெருவைப் புரிந்துகொள்ள அது உதவ வேண்டும்.

முறுக்கை எடுத்துக்கொண்டதற்குப் பெண்பிள்ளைகள் என்றால் சமையல்தான் என்ற எண்ணம் காரணமல்ல. அது இந்த ஊரின் தொழில். கேள்வி ஊரிலிருந்து வந்தால், விடை தேடும் ஆர்வம் மாணவியிடமிருந்து வரும்.

சொட்டும் ரீடிங்கும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பத்தாம் வகுப்பு அறிவியலில் 75-ம் 25-ம். இந்தக் கணக்கைப் பார்க்கும் பலர், செய்முறை என்பது எழுத்துத் தேர்வோடு ஒட்டவைத்த வால் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, தேர்வு நெருங்கும்போது மட்டும் திறக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அக்கா வைத்திருந்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் தங்கை எழுதிவிடுவதும் நடக்கிறது. அளவுகள் எல்லாம் அதில் முன்கூட்டியே இருக்கும், ஒன்றுகூடப் பிசகியிருக்காது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். மேல்நிலை வேதியியலில் எல்லோருக்கும் தெரிந்த பருமனறி பகுப்பாய்வையே எடுத்துக்கொள்வோம். பிப்பெட்டில் 20 மில்லிலிட்டர் கரைசலை அளந்து கூம்புக் குடுவையில் விட வேண்டும். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டால், விழும் ஊதா நிறம் உடனுக்குடன் மறையும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல், வெளிர் ரோஜா நிறமாக நின்றுவிடும். அதுதான் முடிவு நிலை. அங்கே நிறுத்தி, பியூரெட்டின் கோட்டைப் படிக்க வேண்டும். குழாய்க்குள் திரவ மட்டம் பிறைபோல் வளைந்திருக்கும். நிறமற்ற கரைசல் என்றால் பிறையின் அடியைப் படிப்போம். பெர்மாங்கனேட் அடர்நிறம், அடி தெரியாது. ஆகவே மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். கையில் பிடித்துச் செய்தவளுக்கு இது மறக்காது. நோட்டைப் பார்த்து எழுதியவளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒரு மாணவிக்கு முதல் முறை 18.6, இரண்டாம் முறை 18.9, மூன்றாம் முறை 18.6 என்று வருகிறது என்போம். பக்கத்தில் நிற்பவள், "எல்லாத்தையும் 18.6-னு எழுதிடு, மார்க் போயிடும்" என்பாள். அந்த 18.9-க்கு ஒரு காரணம் உண்டு: கொஞ்சம் கை தவறி ஐந்தாறு சொட்டு கூடுதலாக விழுந்திருக்கும், குடுவையின் நிறமும் அப்போது வெளிர் ரோஜாவைத் தாண்டியிருக்கும். அந்த அளவை அப்படியே எழுதி, ஏன் கூடியது என்று பக்கத்தில் குறித்து, மறுபடி செய்து பார்த்ததையும் காட்டுகிறவள் அறிவியல் படிக்கிறாள். மூன்றிலும் 18.6 எழுதியவள் வடிவான ஒரு பொய்யை எழுதப் பழகுகிறாள். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது நாம். கச்சிதமான அளவுக்கு மதிப்பெண்ணும் நேர்மையான அளவுக்குத் திட்டும் கொடுத்தால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

திறன்பலகையில் காணொளி காட்டிவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். காணொளி நல்ல துணை. ஆனால், காணொளியில் வரும் சோதனை ஒருநாளும் பிசகாது. பிசகாத சோதனையிலிருந்து பிசகைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வராது.

பெண்கள் மட்டும் படிக்கும் இடம்

இனி, பெண்கள் பள்ளி என்பதில் தனியாக என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இருபாலர் படிக்கும் ஆய்வக மேசையைக் கவனித்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது: கருவியைப் பையன் பிடித்துக்கொள்வான், பெண் ரீடிங்கை எழுதிக்கொள்வாள். யாரும் சொல்லி அப்படி நடப்பதில்லை, வழக்கமாகவே நடந்துவிடுகிறது. பெண்கள் பள்ளியில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. மின்சுற்றை இணைப்பவள், பர்னரைப் பற்றவைப்பவள், நுண்ணோக்கியைத் தூக்கி வருபவள் எல்லாம் பெண்ணே.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா? இரண்டு பக்கமும் உண்டு. பிரிட்டனின் இயற்பியல் கழகம் 2012-ல் வெளியிட்ட அறிக்கை, அரசுப் பெண்கள் பள்ளிகளில் படித்த மாணவிகள் மேல்நிலையில் இயற்பியலைத் தேர்ந்தெடுப்பது இருபாலர் பள்ளி மாணவிகளைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று காட்டியது. இருபாலர் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ பாதியிலிருந்து ஒரு பெண்கூட மேல்நிலை இயற்பியலுக்குப் போகவில்லை என்றும் சொன்னது. ஆனால் 2014-ல் பால்கே, ஹைட், அலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள், 21 நாடுகளைச் சேர்ந்த சுமார் 16 லட்சம் மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தரமான ஆய்வுகளில், ஒருபால் பள்ளியால் வரும் பயன் மிகச் சிறிது அல்லது இல்லை என்றே கண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் தெளியும். பெண்கள் பள்ளி என்ற மதில் தானாக எதையும் செய்துவிடாது. அந்த மதிலுக்குள் பெண்ணுக்கென்று ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. அதை நிரப்ப ஆய்வகமும் நேரமும் ஆசிரியையும் வேண்டும். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, ஒருத்தி மட்டும் பியூரெட்டைத் திறந்தால், பையன் பிடித்திருந்தாலும் பெண் பிடித்திருந்தாலும் மீதி ஒன்பது பேருக்கு ஒன்றுதான்.

பெண்களுக்கு அறிவியலின் கதவு மூடியிருந்த காலத்தையும் திருச்சி மாவட்டம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமன் நம் பெருமை. பிப்ரவரி 28-ஐ அறிவியல் நாளாகப் பள்ளிகள் கொண்டாடுவது அவருடைய கண்டுபிடிப்பை ஒட்டித்தான். அதே ராமன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தலைமையில் இருந்தபோது, கமலா சோஹோனியைப் பெண் என்பதற்காகவே சேர்த்துக்கொள்ள மறுத்தார். கமலா விட்டுக்கொடுக்காமல் நின்றார். 1933-ல் நிபந்தனைகளோடு சேர்ந்தார். அவருடைய வேலையைப் பார்த்தபின் ராமன் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1939-ல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். தன் கருத்துக்கு எதிரான ஆதாரம் கண்முன் வந்தபோது ராமன் மாறினார் என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்று வாசல் திறந்திருக்கிறது. 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, அறிவியல் பிரிவில் படித்த 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். அதாவது பாதிக்கும் மேல். ஆனால் 2018-ல் நாட்டின் ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக இருந்தவர்களில் பெண்கள் 16.6 சதவீதம், ஆறில் ஒருவர்தான். படிக்க வந்தவர்கள் வழியில் எங்கோ கழன்றுபோகிறார்கள். திருமணம், வீட்டுப் பொறுப்பு, வெளியூர் அனுப்பத் தயக்கம் என்று காரணங்கள் பல. பள்ளியின் கையில் இருப்பது ஒன்று: "இது என் வேலை, எனக்கு வரும்" என்ற உறுதியைப் பதினேழு வயதுக்குள் கொடுத்து அனுப்புவது. கையால் செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த உறுதி நிலைக்கும்.

செங்கோட்டை, அரியலூர், திருமங்கலம்

இதெல்லாம் பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் அரசு பெண்கள் பள்ளியில் படித்தவர். இந்தியாவிலேயே உருவான முதல் ரேடார் படச் செயற்கைக்கோளான ரிசாட்-1, 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த வளர்மதி, பழைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அரியலூரில், நிர்மலா பெண்கள் பள்ளியில் படித்தவர். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை 2015-ல் முதன்முதலாகப் பெற்றவரும் அவர்தான்.

இப்போதைய பிள்ளைகளின் கதையும் உண்டு. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளில், மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளின் உழைப்பும் இருந்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று அதைச் சுமந்து சென்ற எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட், இரண்டாம் நிலை பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகளின் அளவு ஒரு சில கணங்கள் எல்லை மீறியதால், வட்டப் பாதைக்குப் பதில் 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டப் பாதையில் கொண்டுபோய் விட்டது. செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. இஸ்ரோ அந்தத் தவற்றின் காரணத்தை ஆராய்ந்து வெளிப்படையாகச் சொன்னது. 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த எஸ்.எஸ்.எல்.வி.யில் ஆசாதிசாட்-2 சரியாகப் பாதையை அடைந்தது. பியூரெட்டின் 18.9-ஐ மறைக்காமல் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். பிசகை மறைத்திருந்தால் இரண்டாவது ராக்கெட்டும் தவறியிருக்கலாம்.

எந்த குரூப்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வீடுகளில் எழும் கேள்வி இது. இதிலும் சில குழப்பங்களை நீக்க வேண்டும். சயின்ஸ் குரூப் எடுத்தால் நீட் எழுதித்தான் ஆக வேண்டும், டாக்டர் ஆகாவிட்டால் அந்தப் படிப்பே வீண் என்ற எண்ணம் தவறு. நிகார் ஷாஜியும் வளர்மதியும் பொறியியல் படித்தவர்கள். அதற்குக் கணிதம் சேர்ந்த குரூப் வேண்டும். வேளாண்மை, கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு, ஆய்வகத் தொழில்நுட்பம், இயற்பியல், வேதியியல் பட்டப் படிப்புகள் என்று வழிகள் விரிந்து கிடக்கின்றன. மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊரில் கால்நடை மருத்துவத்தைப் பற்றி ஒரு மாணவிக்குப் பள்ளியில் யாருமே சொல்லாமல் விட்டால் அது நம் குறை.

இடம் கிடைக்குமா, பணம் போதுமா என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பட்டப் படிப்போடு டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு. இவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை நிதானமாகச் சொன்னால், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்ற பேச்சில் பாதி அடங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சியில், அரசு ஆதிதிராவிடர் நல மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில்தான் 2022 நவம்பர் 28 அன்று வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. இதன்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் எளிய சோதனைப் பொருள்களோடு நேரில் போகிறார்கள். 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கான திட்டம் ஒரு பெண்கள் பள்ளியில் பிறந்தது பொருத்தம். ஆனால், எட்டாம் வகுப்பில் கிளம்பிய ஆர்வம் பத்தாம் வகுப்பு வினாவங்கியில் அணைந்துவிடக் கூடாது.

அதற்குத் தேவையானவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. செய்முறைப் பாடவேளையை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடுக்காத கால அட்டவணை. உடைந்த பிப்பெட்டுக்கும் தீர்ந்த ரசாயனத்துக்கும் பதில் வாங்க உரிய காலத்தில் பணம். நிரப்பப்பட்ட ஆய்வக உதவியாளர் பணியிடம். மேசைக்கு மூன்று நான்கு பேர் என்ற வரம்பு. நேர்மையாக எழுதிய தவறான அளவுக்கு மதிப்பெண் குறைக்காத ஆசிரியர். கிராமத்திலிருந்து வரும் பெண்பிள்ளைக்குக் கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு என்றால் மாலைச் சோதனையில் அவள் நிற்க மாட்டாள். ஆகவே பேருந்து நேரமும் அறிவியல் கல்வியின் பகுதி. ஆண்டுக்கு ஒருமுறை திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு அழைத்துப் போகலாம். போவதற்கு முன் கேள்விகளை எழுதவைத்துவிட்டால் அந்தப் பயணம் இன்னும் நன்றாக அமையும்.

கடைசியாக, முறுக்குக்குத் திரும்புவோம். முப்பது மாணவிகள் சுவைத்துப் பார்த்து, பதினோரு பேர் மட்டும் சரியாகச் சொல்லி, தண்ணீருக்கும் ருசிக்கும் தொடர்பு இருப்பதாக இந்தச் சோதனையில் தெரியவில்லை என்று ஒரு பெண் நோட்டில் எழுதினால் ஊர் என்ன சொல்லும்? கோபம் வரக் கூடாது. "எத்தனை பேர் சுவைத்தீர்கள்? எந்தக் கிணற்றுத் தண்ணீர்? கோடையில் எடுத்ததா, மழைக்குப் பின்னா?" என்று கேட்க வேண்டும். அவள் பதில் சொல்வாள். சொல்ல முடியாத இடத்தில் மறுபடி செய்து பார்ப்பாள். ஊர் கேட்க, தான் எடுத்த அளவை வைத்துக்கொண்டு ஒரு பெண் பதில் சொல்லும் அந்த நாளில், அறிவியல் அவளுடையதாகிவிட்டது என்று நாம் நம்பலாம்.